மழை முறை

வாய்க்கால் தண்ணீரைப் போல மழையையும் ஊருக்கு ஊர் முறை வைத்து விட ஆரம்பித்திருந்தார்கள். அந்த வருஷ முறை மேலக்கண்மாய்க்கு வந்தது. அங்கே மீன் குத்தகை தம்பி சேவுகனுக்கு. கீழக்கண்மாயில் அண்ணன் மூக்கனுக்கு. காய்ந்த கரையில் நின்றபடி, கூப்பிடு தூரத்தில் தம்பி நனைவதை மூக்கன் பார்த்தான். தம்பி பெண்டாட்டி வாளி வைத்து மழை பிடித்ததையும் பார்த்தான். வயிறு எரிந்தது.

மேலே நிரம்பிய தண்ணீர் ஓடை வழியாகக் கீழே இறங்கியது. புதுத்தண்ணீர் பட்டதும் கீழக்கண்மாய் மடுவில் கிடந்த சினைக் கெளுத்திகள் எதிர்த்து ஏறத் தொடங்கின. மூக்கன் ஓடையை மறித்து வலை கட்டினான்.

சேவுகன் ஓடி வந்தான். "அண்ணே, சினை மீனுண்ணே! மேல ஏறித்தான் முட்டை போடும். குஞ்சு பூராம் தண்ணியோட ஒங்கிட்டதான எறங்கும்?"

"மழையும் ஒனக்கு, எம்மீனும் ஒனக்கா? போடா அங்கிட்டு."

ஓடை வற்றும்வரை அவன் வலையை எடுக்கவில்லை. மீன்கள் சேற்றிலேயே துடித்துச் செத்தன.

மறு வருஷம் கீழக்கண்மாய் முறை. கரை தளும்பத் தளும்பப் பெய்தது. மூக்கன் பொழுது சாயும்வரை வலை வீசினான். பாசிதான் வந்தது.

மனைவி பேச்சி சோற்றில் வெறும் புளிக்குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"மேலக்கண்மாயில?" என்று கேட்டான்.

"போன வருஷத் தண்ணி கெடக்கு. ஒரு குஞ்சுகூட இல்லையாம். ஒங்க தம்பி வலையச் சுருட்டி வச்சுட்டாரு."

மூக்கன் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றான்.