பின்சீட்டுப் பாரம்

ஜீப்பை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் வளர்மதியைக் கூப்பிட்டேன். பின்சீட்டில் ஏறி உட்காரச் சொன்னேன்.

வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டையின் முனை வளையத்துக்குள் புது ரப்பர் புஷ் போட்டால், வண்டி அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும். வழக்கமான பாரம் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் ரப்பர் கிழிந்துவிடும். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான்.

வலது பக்கம் இரண்டு சாமை மூட்டைகளை ஏற்றியிருந்தேன். இடது பக்கத்துக்கு மூட்டை இல்லை. பெண்டாட்டிதான் இருந்தாள்.

அவள் வாசலிலேயே நின்றாள்.

எங்கள் மகள் சங்கவி போன பிறகு வண்டி ஒரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நேற்றுத்தான் பிரித்தேன். வளர்மதி அந்தப் பக்கம் வந்ததே இல்லை. விறகு எடுக்கக்கூடச் சுற்றிக்கொண்டு போவாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து சுத்தியலும் இரும்புக் குழாயுமாகப் பழைய புஷ்களை அடித்து எடுத்ததில் தோள் கழன்றுவிட்டது. கடைசி போல்ட் இது. அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டாளாமா?

ஏறினாள்.

நான் வண்டிக்கு அடியில் நகர்ந்தேன்.

பழைய புஷ்கள் தலைமாட்டில் கிடந்தன. ரப்பர் செத்து, ஓட்டை நீண்டு போயிருந்தது. எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே ஓட்டினேன். வளைவில் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு பக்கம் போகும். வேகம் எடுக்கவே முடியாது.

மரவள்ளிக் காட்டில் சங்கவியைப் பாம்பு கடித்த அன்றும் முடியவில்லை.

வளைவுக்கு வளைவு ஊர்ந்தேன். பின்சீட்டில், வளர்மதி மடியில், பிள்ளை முனகிக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்க்க முடியாத ரோடு. "இருக்காளா?" என்று கேட்பேன். பதிலுக்கு முனகல் வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். கோமுகி அணையைத் தாண்டியும் கேட்டது. கச்சிராயபாளையத்திலும் கேட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும் வரைக்கும் கேட்டது.

இறக்கிப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்றார்கள்.

வாசல் வரைக்கும் உயிரோடு வந்த பிள்ளை. ஐந்தே நிமிடம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாள். அந்த ஐந்து நிமிடத்தை இந்தப் புஷ் தின்றுவிட்டது. இல்லை, இதை மாற்றாமல் விட்ட நான் தின்றேன். ஒரு வருடமாக இதையே வளர்மதியிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் வாய் திறந்ததில்லை. ஆமாம், நீதான் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்பானரை மாட்டினேன். அவள் உட்கார்ந்ததில் பட்டை நன்றாக அமுங்கியிருந்தது. அரைச் சுற்று முறுக்கினேன்.

முனகல் கேட்டது.

புது ரப்பர், உள்ளே தள்ளுவதற்குத் தடவிய சோப்புத் தண்ணீர் இன்னும் காயவில்லை, அதுதான் சத்தம் போடுகிறது என்று கையை எடுத்தேன்.

கையை எடுத்த பிறகும் கேட்டது. இழுத்து ஒரு மூச்சு. நடுவில் ஒரு விக்கல். மறுபடி ஒரு மூச்சு.

அது சங்கவி. வருடம் பூராவும் காதுக்குள் வைத்திருந்த குரல் எனக்குத் தெரியாதா?

முட்டி தேய வெளியே ஊர்ந்து வந்தேன்.

வளர்மதி குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை. இடது கை மட்டும் ஒரு தலையைத் தாங்குகிற மாதிரி வளைந்திருந்தது. முனகியது அவள்தான்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். கை அப்படியே இருந்தது.

"புள்ள ரெண்டாவது வளைவுலயே போயிட்டாளுங்க. சொன்னா வண்டியப் பள்ளத்துல வுட்டுடுவீங்கன்னு, ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் முனகிக்கினு வந்தேன்."