ஆட்டப் புத்தகம்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: தலைமைப் பயிற்சியாளர் மர்டாக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேரன் பிலாடோ, கதவருகே சாவிக்கொத்துடன் காவலாளி லெனார்ட்.

"புத்தகத்தோட வரச் சொன்னீங்களாம்" என்றான் டேரன்.

கனடா ஃபுட்பால் அணிகளில் அந்த அழைப்புக்கு ஒரே அர்த்தம்தான். ஆட்ட உத்திகள் எல்லாம் வரைந்திருக்கும் ஆட்டப் புத்தகம் அணியின் சொத்து. அதைத் திருப்பிக் கொடுத்தவன் அன்றே வெளியேற வேண்டும். வாசல்வரை கொண்டுபோய் விடுவது லெனார்டின் வேலை.

"உக்காருடா" என்றார் மர்டாக்.

"வேணாம். ஹாமில்டன் டீம்ல பெஞ்சு, வினிபெக் டீம்ல பெஞ்சு, இங்கயும் பெஞ்சுல உக்காந்து வேடிக்கைதான். முப்பத்தி மூணு வயசாச்சு. உங்க செல்லப்பிள்ளை தோத்துக்கிட்டே இருந்தானே, ஒரு தடவை என்னை இறக்கினா குடியா முழுகிடும்? நீங்கல்லாம் ஒரு கோச்சு."

புத்தகத்தை மேசைமேல் வீசினான்.

மர்டாக் அதைப் பிரித்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்து, அவனிடமே நீட்டினார்.

"சனிக்கிழமை நீதான் இறங்குறே. மேலிடத்துல பேசிட்டேன். கடைசி முயற்சி, மூணாவதுல மாட்டிக்கிட்டா இதை ஆடு."

டேரன் மடித்த பக்கத்தைப் பார்த்தான். "அப்ப எதுக்குப் புத்தகத்தோட கூப்பிட்டீங்க?"

"இதைக் காட்டத்தான். என்னோடத காலையிலயே வாங்கிட்டாங்க."

டேரன் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"கோச்..." என்று தொடங்கிய லெனார்ட் திருத்திக்கொண்டார். "மிஸ்டர் மர்டாக், கிளம்பலாம்."

மர்டாக் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளிக்கதவைத் தாண்டினார். அவர் பின்னால் லெனார்ட் கதவைச் சாத்திப் பூட்டினார்.