தண்ணீரில் ஆறு முட்டைகள்

அடைகாத்த கூஸ் வாத்தை நாய் கடித்துக் கொன்றபின், அதன் ஆறு முட்டைகளையும் புஷ்பம் பல்பு எரியும் பெட்டியில் வைத்துக் காத்தாள். இடையில் அரை நாள் மின்சாரம் போனது. முப்பது நாளில் குஞ்சு பொரிய வேண்டும்; முப்பத்தோராம் நாளும் ஓர் ஓட்டில்கூட விரிசல் விழவில்லை. “எல்லாம் கூமுட்டைதான், பொதைச்சிரலாம்,” என்றான் கணவன் அருளப்பன். “உயிர் இருந்தா தண்ணியில தானா அசையும். பாத்துட்டுப் பொதைக்கலாம்,” என்ற புஷ்பம், வாளியிலிருந்த வெதுவெதுப்பான நீரில் முட்டைகளை மெல்ல இறக்கினாள். நீர் அடங்கி நின்றது, முட்டைகளும் நின்றன. குந்தியிருந்த அருளப்பன் எழப்போனான். அப்போது ஓரத்து முட்டை லேசாகத் துள்ளியது. “காத்தா இருக்கும்,” என்றான். “காத்து உள்ள இருந்துல்ல அடிக்குது,” என்றாள். இன்னொன்றும் அசைந்தது. அருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் மூச்சு பட்டு நீர் கலங்கிவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டான்.