தள்ளி உக்காரு

"தள்ளி உக்காரு நிலானி. ஒட்டிக்கும்."

விஜிதா மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். லுக்குட் கிளினிக்கின் நீள நாற்காலியில், மறுகோடியில், செம்பனைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருத்தி தன் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்காட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள். ரப்பர் பூட்ஸில் சேறு இன்னும் காயவில்லை.

"நிலானியோட அம்மாதானேக்கா? நான் திலகா. இவ ரேணுகா. நாலாம் ஆண்டு வகுப்புல உங்க பிள்ளைக்குப் பக்கத்துலதான் உக்காருறா."

அக்காவாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரம்பரையில் பிறந்து, சிரம்பானில் வங்கி அதிகாரியாக இருக்கும் விஜிதாவுக்குக் காது கூசியது.

"காய்ச்சல் எப்பலேர்ந்து?"

"நேத்து சாயந்தரம் லேசா சுட்டுச்சு. ஒடம்பெல்லாம் வலிக்குதுன்னு ஒரே அழுகை. அதான் இன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பல."

"நேத்தா? அதுக்கு முன்னாடி எத்தன நாள் மறச்சு அனுப்புனீங்களோ. என் பிள்ளை சனிக்கிழமைலேர்ந்து கால ஊன முடியாம கெடக்குறா. உங்க தோட்டத்து லைன் வீட்டு அழுக்கெல்லாம் ஸ்கூலுக்கு வந்தா வேற என்ன நடக்கும்லா?"

திலகாவின் முகம் சிறுத்துப்போனது. மகளின் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் கைப்பேசிக்குள் குனிந்தார்கள்.

அந்த மௌனம் விஜிதாவுக்குப் பிடித்திருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் அவள்தான். கைப்பேசியில் வகுப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவைத் திறந்து தட்டினாள்: 'ரேணுகாவிடமிருந்து காய்ச்சல் பரவுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளைச் சேரவிடாதீர்கள்.' அனுப்பிவிட்டு, திலகாவுக்குக் கேட்கும்படி மகளிடம் சொன்னாள்: "ரெண்டு வாரத்துக்கு அவ ஸ்கூல் பக்கமே வரமாட்டா. நான் ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிக்கிறேன்."

டாக்டர் அமிர்தலிங்கம் கதவருகில் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு உள்ள வாங்க."

உள்ளே அவர் நிலானியின் கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார். அவள் அலறிவிட்டாள்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. ஃப்ளூ விடுற நேரத்துல சில பிள்ளைங்களுக்கு இப்படிக் கால் பிடிச்சுக்கும். ஒரு வாரத்துல சரியாயிடும். ஒண்ணுக்கு கருப்பா போனா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க." ஊசி ஏதும் போடாமல் எழுத உட்கார்ந்தவர் கேட்டார்: "போன வாரம் இவளுக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"லேசாத்தான் டாக்டர். புதன்கிழமை. அன்னிக்குக் கதை சொல்லும் போட்டி. பனடால் மாத்திர குடுத்து அனுப்பினேன். முதல் பரிசு வாங்கிட்டு வந்தா."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். திலகாவைப் பார்த்தார். "உங்க பிள்ளைக்கு?"

"நேத்துதாங்க டாக்டர்."

விஜிதாவின் கைப்பைக்குள் கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குழுவில் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?" என்றாள். குரல் மட்டும் இறங்கவில்லை. "இவங்க பிள்ளைகிட்ட எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாதுன்னு நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்."

நிலானி ரேணுகாவைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மேடைக்குப் போறப்ப எனக்கு ரொம்ப நடுங்குச்சும்மா. ரேணுகாதான் அவ போத்தல் தண்ணிய குடுத்தா. நான் குடிச்ச மிச்சத்தத்தான் அவ குடிச்சா."