பின்வரிசையில் ஒரு பளபளப்பு

"கடைசி வரிசையில யாரோ ஒருத்தரோட வாத்தியம் என் கண்ணைக் குத்துது! யாருங்க அது?"

லிஸ்பனிலிருந்து வந்திருந்த போட்டோக்காரி ஒதீலியா, கேமராவிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினாள். ஊர் பேண்டுக்கு நூறு வயது. அதற்காகத்தான் இந்த குரூப் போட்டோ. பேண்டின் கட்டடத்துக்கு முன்னால் பெஞ்சுகளைப் போட்டு மூன்று வரிசையாக ஆட்களை ஏற்றியிருந்தார்கள். உடம்பில் கழுத்தை இறுக்கும் நீலச் சீருடை, கையில் ஆளுக்கொரு பித்தளை வாத்தியம்.

கடைசி வரிசையில் நின்ற அமில்கர் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவன் கையில் இருந்த பெரிய ஊதுகுழல் பித்தளையே இல்லை. காகிதக் கூழ், மேலே தங்கப் பெயின்ட். கார்னிவல் ஊர்வலத்துக்குப் பொம்மை செய்யும் மச்சான் செய்து கொடுத்தது. அதைப் போய்க் கனக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடித்திருந்தான்.

பேண்டுக்குச் சொந்தமான அசல் குழலை, சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு, சந்தையில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் விற்றுத் தொலைத்திருந்தான். மூன்று வாரமாக உதட்டில் புண் என்று சொல்லி ஒத்திகைப் பக்கமே தலைகாட்டவில்லை. இன்றைக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும். பிடிபட்டால் திருடன் என்று ஊரே காறித் துப்பும்.

"முன்னாடி நிக்கறவங்க நிழல் பின்னாடி இருக்கறவங்க மூஞ்சியில விழுதேன்னு விளக்கை மேலே ஏத்தினேன். நிழல் போச்சு, இப்ப இது வந்துடுச்சு" என்று அலுத்துக்கொண்ட ஒதீலியா, கையில் ஒரு சோப்புக் கட்டியோடு வந்தாள். "வாத்தியத்து மேல லேசா தேய்ச்சு விடறேன், பளபளப்பு அடங்கிடும். அப்புறம் துடைச்சா போயிடும், பயப்படாதீங்க."

"சீக்கிரம் மேடம், அங்க விருந்துக்குச் சுடற மீன் தீயுது!" என்றான் ட்ரம்பெட் வாசிக்கும் விரியாட்டோ.

வரிசையாகத் தேய்த்துக்கொண்டே வந்தவள் அமில்கரிடம் வந்ததும் நின்றாள்.

"அட, இதைப் பாருங்களேன்! துளி பளபளப்பு இல்லை. எதைப் போட்டு சார் துடைக்கறீங்க?"

"அது... சும்மா... வெறும் துணிதான்."

"மூணு வாரமா ஊதவே இல்லையே மேடம், தூசி படிஞ்சிருக்கும்!" என்றான் விரியாட்டோ. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒதீலியா குழலைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதீங்கம்மா!" முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்த பேண்ட் மாஸ்டர் பல்தசார் குரல் கொடுத்தார். "அது நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் என்ன? அடுத்த ஆளைப் பாருங்க."

அமில்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அவன் அப்பா செத்தபோது, காசு வேண்டாம் என்று சொல்லி, கல்லறை வரைக்கும் மழையில் பேண்டை வாசிக்க வைத்த மனிதர் இவர். இவரையா ஏமாற்றுகிறோம் என்று நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாஸ்டர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "உதடு எப்படி இருக்கு அமில்கர்?"

"பரவாயில்லை மாஸ்டர்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை... ஒண்ணும் இல்லை மாஸ்டர்."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி ஃப்ளாஷ். மறுபடி ஒதீலியாவின் கூச்சல். "இன்னும் அங்கேயேதான் இருக்கு! சரி, எல்லாரும் வாத்தியத்தைக் கீழே வைங்க. ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்றேன், எதுன்னு பாத்துடலாம்."

கீழே வைத்தார்கள். டங், டங் என்று பித்தளைச் சத்தம். அமில்கர் மட்டும் தன்னுடையதைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினான்.

ஃப்ளாஷ் அடித்தது. கேமராத் திரையைப் பார்த்த ஒதீலியா வாயைப் பிளந்தாள்.

"ஒருத்தர் கையிலயும் வாத்தியம் இல்லை, பளபளப்பு மட்டும் இருக்கே! அட... இது உங்க யாருதும் இல்லைங்க. பின்னாடி, மேலே. அந்த மாடி ஜன்னல்!"

மாடியில்தான் மாஸ்டரின் வீடு. அவர் பதறிக்கொண்டு எழுந்தார். "போதும்மா, இருக்கட்டும் விடுங்க. ஒரு புள்ளிதானே, யாரு பாக்கப் போறா?"

ஆனால் அத்தனை தலையும் திரும்பிவிட்டது. ஜன்னல் விளிம்பில் தகதகவென்று ஒரு பெரிய பித்தளைக் குழல். போன ஈஸ்டர் ஊர்வலத்தில் அமில்கர் கீழே போட்டு நெளித்த பள்ளம்கூட அதில் அப்படியே இருந்தது.

கையில் துடைக்கும் துணியோடு மாஸ்டரின் மனைவி எர்மின்யா எட்டிப் பார்த்தாள். எல்லோரும் குழலையே பார்ப்பதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! ஒரு வழியா சொல்லிட்டியாப்பா அமில்கர்? நீ வித்த அன்னிக்கே இதை அந்த ஆள்கிட்டேருந்து வாங்கிட்டு வந்துட்டாரு உங்க மாஸ்டர். நீயா வாயைத் திறக்கற வரைக்கும் நான் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. இன்னிக்குக் காலையிலகூட, 'போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லிடுவான், துடைச்சு வை'ன்னு சொல்லிட்டுத்தான் கீழே இறங்கினாரு!"