கலப்படம் இல்லை

தேனில் ஒரு குறையும் இல்லை.

பரிசோதகன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். விடுமுறை நாள், ஆய்வுக்கூடத்தில் அவனைத் தவிர ஆளில்லை.

ஈரப்பதம் அளவோடு இருந்தது. கரும்புச் சர்க்கரை இல்லை. அரிசிப்பாகு இல்லை. காய்ச்சிய சுவடு இல்லை. நுண்ணோக்கியில் விதவிதமான மகரந்தம், ஒரு காட்டையே கரைத்து ஊற்றியது போல.

மருமகளிடம் குற்றம் தேடும் மாமியார்கூட இப்படித் துருவியிருக்க மாட்டாள்.

பெரிய பெரிய கம்பெனிகளின் பாட்டிலில் எல்லாம் பாகைக் கண்டுபிடித்தவன் அவன். தெருவில் வாளியோடு வந்தவனிடம் அக்கா வாங்கிய இந்தத் தேனில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

அவனுடைய ஐந்து மாதக் குழந்தை ஆஸ்பத்திரியில் துணிப் பொம்மை மாதிரி துவண்டு கிடந்தது. அழக்கூடத் தெம்பில்லை. மூச்சையும் இயந்திரம்தான் விட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் குழந்தைக்கு இருமல் என்று அக்கா நாக்கில் தேன் தடவியிருந்தாள். அதற்குப் பிறகுதான் இப்படி.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில், மனைவி வீட்டார் எல்லார் முன்னாலும், நாக்கில் நரம்பில்லாமல் அக்காவைப் பேசிவிட்டான். கண்ட வாளித் தேனையும் வாங்கி ஊட்டியவள் என்றான். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளையின் அருமை எப்படித் தெரியும் என்றான்.

அவன் மனைவி வேலைக்குத் திரும்பியதிலிருந்து, தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறையும் முடிவு மாறவில்லை. பாட்டிலைக் கழுவித் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வராந்தாவில் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். நோய் தெரிந்துவிட்டது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைக் கட்டிப்போட்டுவிடும். நல்ல தேன், கெட்ட தேன் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. மருந்து ஏற்றியிருக்கிறோம், பிழைத்துக்கொள்ளும், ஆனால் எழுந்து வர மாதக்கணக்காகும்.

பிறகு கேட்டார். இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தேன் குடுக்கச் சொன்னது யார்?

மனைவி அக்காவின் பக்கம் திரும்பினாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் டாக்டரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் குடுத்தேன்."

இனி என் குழந்தையைத் தொடக்கூடாது என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல்.

அக்கா தலையாட்டினாள். அலசி வைத்திருந்த குழந்தைத் துணிகளைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் பெஞ்சில் வைத்தாள். பையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவன் கூப்பிடவில்லை.

தேன் தடவிய அன்று, தடவுவதற்கு முன்னால், அக்கா ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து அவனிடம் கேட்டிருந்தாள். வேலை மும்முரத்தில் அவன் சொன்ன பதில் அவனுக்கு மறக்கவில்லை. நேற்று கத்தியபோதும் மறந்திருக்கவில்லை.

"சுத்தமான தேன்னா தாராளமா குடு அக்கா."