ஆறுக்குப் பின் ஏழு

ஆய்வகத்தில் அடைந்து கிடக்க மாட்டேன், அறிவை மக்கள் மொழியில் எழுதுவேன் என்று வந்த உயிர்மருத்துவ மாணவி மூச்சடக்கி நிற்கிறாள். அவள் எழுதிய துண்டறிக்கையை மட்டும் படித்து, சர்க்கரை நோய்க்கு ஊசி போடக் கற்கும் தையல்காரம்மா இன்சுலின் பேனாவைச் சரியாகக் கையாண்டால் மாணவிக்கு மருத்துவமனையில் வேலை உறுதி. இடையில் மாணவி வாய் திறந்து உதவினாலோ, போயிற்று! சன்னல் வெயிலில் ஊசி மின்னுகிறது. பயிற்சிப் பஞ்சில் அதைக் குத்திப் பொத்தானை அழுத்துகிறார் அம்மா. பத்து எண்ணுமுன் எடுத்தால் மருந்து வழிந்துவிடும். “நாலு, அஞ்சு, ஆறு… ஏம்மா, ஊசி எனக்கென்ன புதுசா? எதுக்கு இப்படி முழிக்கிறே?” மாணவி உதட்டைக் கடிக்கிறாள். பொத்தானை அழுத்திய அம்மாவின் விரல் அசையவில்லை. “ஏழு, எட்டு, ஒம்பது, பத்து!” பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனை மேலாளர் தலையசைக்கிறார். அம்மா துண்டறிக்கையைத் தூக்கிக் காட்டுகிறார்: “படிச்சவங்க எழுதி எனக்கு வெளங்குறது இதுதான் முதல் தடவை. யாரு எழுதினது?” பூட்டிய வாய் வெடித்துத் திறக்கிறது: “நான்தான்க்கா!”